சிங்கப்பூரில் ஓடக் காலணி வாங்குவோருக்கு

ஓட்டக் காலணி வாங்கப் போகும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே ஓடப் போகிறீர்கள் என்பதைத்தான். கடையில் பேச்சு பெரும்பாலும் அடிப்பாக நுரையின் தடிமனையும் பாத வளைவையும் சுற்றியே போகும். இந்தத் தீவில் பல ஆண்டுகள் ஓடிப் பல ஜோடிகளைத் தேய்த்திருக்கிறேன். இங்கே ஒரு காலணி நிலைப்பதும் நிலைக்காததும் இரண்டைப் பொறுத்தது: அகலம், ஈரம்.

நம்மில் பலர் செருப்போடு வளர்ந்தவர்கள், முன்பாதம் விரிந்திருக்கும். ஆண்களுக்கான வழக்கமான அகலம் ‘டி’. அதைவிட அகலமானவை ‘2இ’, ‘4இ’. நியூ பேலன்ஸ், புரூக்ஸ், ஏசிக்ஸ் நிறுவனங்களின் பல மாடல்கள் இந்த அகலங்களிலும் வருகின்றன. ஆனால் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். அகலம் போதாதபோது அரை அளவு கூட்டித் தருவது கடைகளின் வழக்கம். அதை ஏற்காதீர்கள். நீளம் கூடினால் குதிகால் உள்ளே வழுக்கும், பாதம் முன்னே நகர்ந்து நகம் கறுக்கும். ‘2இ’க்கு மாறிய பிறகு என் சுண்டுவிரலில் கொப்புளம் வந்ததே இல்லை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது அணியும் காலுறையோடு போய்ப் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

பாதம் உட்புறம் சாய்வதால் தனி வகைக் காலணி கட்டாயம் என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்க வேண்டாம். டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்குச் சாதாரண வகைக் காலணி கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், மிதமாகச் சாயும் பாதத்துக்குக் கூடுதல் காயம் எதுவும் தெரியவில்லை. போட்டவுடன் சுகமாக இருக்கிறதா என்பதையே நான் நம்புகிறேன்.

அடுத்தது ஈரம். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். வியர்வை காலில் வழிந்து காலுறையில் தேங்கும். தடித்த மெத்தை வைத்த மேற்பகுதி அதைக் குடித்துக் கனக்கும். மெல்லிய வலைத் துணியே நமக்குப் பொருந்தும். மழை விட்டதும் பூங்கா இணைப்புப் பாதைகளில் வண்ணக் கோடுகளும் வடிகால் மூடிகளும் வழுக்கும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள ஓடுகள் அதைவிட மோசம். ஆகவே கடையில் காலணியைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். நுரை மட்டும் தெரிந்தால் எனக்கு அது வேண்டாம். குதிகாலிலும் முன்பாதத்திலும் ரப்பர் வேண்டும். ரப்பர் இல்லாத ஒரு ஜோடி என்னிடம் இருந்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் காய்ந்த தார்ப்பாதையில் அருமையாக ஓடும், தூறல் விழுந்தால் அதை நம்ப முடியாது. மெக்ரிட்சி காட்டுப்பாதையின் வேர்களுக்கும் செம்மண்ணுக்கும் பல் வைத்த அடிப்பாகம் தனியே வேண்டும்.

கார்பன் தகடு வைத்த பந்தயக் காலணி அன்றாட ஓட்டத்துக்குத் தேவையில்லை.

நனைந்த காலணியை வெயிலில் போடாதீர்கள், சூட்டில் நுரை சுருங்கும். உள்தகட்டை எடுத்துவிட்டு, பழைய தமிழ் முரசு நாளிதழைக் கசக்கித் திணித்து, மின்விசிறி அடியில் வைக்கிறேன். தாள் ஊறியதும் மாற்றுகிறேன். இரவு கடந்தும் ஈரம் மிஞ்சும் என்பதால் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுகிறேன். குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரில் சென்ற ஆண்டு மாடல்கள் விலை குறைந்து கிடைக்கும்போது இரண்டாவது ஜோடியை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாங்கி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்: பாலியூரித்தேன் நுரை என்றால், போடாமலே இந்த ஈரக் காற்றில் உதிர்ந்துவிடும்.

500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரு ஜோடி தாங்கும் என்பார்கள். நான் எண்ணிக்கையோடு நுரையின் பக்கவாட்டுச் சுருக்கங்களையும் பார்க்கிறேன். அவை ஆழமாகி, மறுநாள் கெண்டைக்கால் வழக்கத்தைவிட இறுகினால், அந்த ஜோடி சந்தைக்கும் கடைக்கும் நடந்து போவதற்கு மாறிவிடும்.