பதின்மூன்று வயதுக்கு மாயக் கதையா, துப்பறியும் கதையா?

மகள் இந்த ஆண்டு இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனாள். போன இரண்டாவது மாதமே, வகுப்பில் எல்லாரும் படிக்கிறார்கள் என்று ஒரு மாயக் கதைத் தொடரைக் கேட்டாள். ஆங்கில நாவல், ஐந்து பாகம், ஒவ்வொன்றும் ஐம்பது மலேசிய வெள்ளிக்குக் குறையாது. முதல் பாகத்தை ஒரே இரவில் படித்துப் பார்த்தேன். குதிரை, வாள், காட்டில் தொலைந்துபோன தங்கை என்று ஒரு குறையும் இல்லாத கதை. நம்பி ஐந்தையும் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் பாகத்தை அவள் முடித்து இரண்டு வாரம் கழித்துத்தான் நான் கையில் எடுத்தேன். நடுவில் நாலு பக்கத்துக்கு ஒரு படுக்கையறைக் காட்சி.

"அதை நான் தள்ளிட்டுப் போயிட்டேன்மா" என்றாள். தள்ளினாளோ படித்தாளோ, அந்தப் பக்கத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டேனே என்பதுதான் எனக்கு வலித்தது. மீதி இரண்டு பாகத்தையும் அவளிடமிருந்து வாங்கி என் அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு மாயக் கதை ஒன்று, துப்பறியும் கதை ஒன்று என்று மாற்றி மாற்றி வாங்கி, அவளுக்கு முன்னால் நானே படித்து வருகிறேன். இந்த வயதுக்கு நான் துப்பறியும் கதை பக்கம்தான்.

மாயக் கதை கற்பனையை வளர்க்கும், தடித்த புத்தகம் என்றால் பயப்படாத பழக்கத்தைக் கொடுக்கும். துப்பறியும் கதை கவனத்தைக் கூர்மையாக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னை ஒரு பக்கம் சாய்த்தது வேறு. துப்பறியும் கதை பெரும்பாலும் ஒரே புத்தகத்தில் முடிந்துவிடுகிறது. மாயக் கதை பெரும்பாலும் தொடராக வருகிறது, பாகத்துக்குப் பாகம் வயது ஏறுகிறது.

எல்லாருக்கும் தெரிந்த ஹாரி பாட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகத்தில் அந்தப் பையனுக்குப் பதினொரு வயது, கடைசிப் பாகத்தில் பதினேழு. பிரிட்டிஷ் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம், ஐந்தாம் பாகம் 766 பக்கம். நாலாம் பாகத்தில் கூடப் படிக்கும் மாணவனே அவன் கண்ணெதிரில் கொல்லப்படுகிறான். ஏழு பாகமும் 1997இல் தொடங்கி 2007 வரை ஒவ்வொன்றாக வந்தபோது, படித்த பிள்ளைகளும் கூடவே வளர்ந்தார்கள். இன்றைக்கு ஏழும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது. பத்து வருடத்தில் ஏற வேண்டிய படிகளை ஒரு பிள்ளை ஆண்டிறுதி விடுமுறையிலேயே ஏறி முடித்துவிடும். இத்தனைக்கும் அது நல்ல தொடர். நான் வாங்கிய தொடரில் கடைசிப் படி எங்கே போகிறது என்று முதல் பாகத்தைப் படித்து எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் 'யங் அடல்ட்' (இளையோர்) என்று ஒரே அலமாரியில் பன்னிரண்டு வயதுக்கானதும் பதினெட்டு வயதுக்கானதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சினிமாவுக்கு இந்த வயது என்று போடுகிறார்கள். நாவலுக்கு அப்படி எதுவும் கிடையாது.

துப்பறியும் கதையில் இந்தத் தலைவலி குறைவு. அகதா கிறிஸ்டி அறுபத்தாறு துப்பறியும் நாவல் எழுதியிருக்கிறார், முதலாவது 1920இல் வந்தது. எந்த ஒன்றையும் தனியாக எடுத்துப் படிக்கலாம். இரண்டு இரவில் நான் முடித்துவிட்டு, "இந்தா, இதைப் படி" என்று முழு மனதோடு கொடுக்க முடிகிறது. கொலை இருக்கும், ஆனால் ரத்தத்தைப் பக்கம் பக்கமாக வர்ணிக்க மாட்டார், நிறைய இடத்தில் விஷம்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர், விஷத்தைப் பற்றிய அறிவு அங்கே வந்தது என்று சொன்னதும் மகளுக்கு அவர் மேல் தனி மரியாதை. இப்போது பழைய பள்ளி நோட்டின் பின்பக்கத்தில் சந்தேகப் பேர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரு பேரைப் பென்சிலால் அடிக்கிறாள். போன வாரம் பட்டர்வொர்த் பெர்ரிப் படகில் வரும்போது, "அந்த நர்ஸைத் தப்பா அடிச்சிட்டேன்" என்று ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

துப்பறியும் கதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் வரும் இரண்டாவது நாவல், 1890இல் வந்தது, அவர் தன் கையில் கொக்கெயின் ஊசி ஏற்றிக்கொள்வதில்தான் தொடங்குகிறது. அப்போது இங்கிலாந்தில் அதற்குச் சட்டத் தடை இல்லை என்பதையும், அவருடைய நண்பர் வாட்சன் அங்கேயே அவரைக் கண்டிப்பதையும் மகளிடம் முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் கொடுத்தேன். தயக்கம் இருந்தால் 1892இல் வந்த, பன்னிரண்டு ஹோம்ஸ் சிறுகதைகள் உள்ள தொகுப்பிலிருந்து தொடங்கலாம். பழைய பதிப்புகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் மற்ற இனத்தாரைப் பற்றிச் சாதாரணமாக எழுதிய சொற்கள் அப்படியே இருக்கும். 1939இல் வந்த கிறிஸ்டியின் ஒரு நாவலுக்குத் தலைப்பையே பிறகு மாற்ற வேண்டியிருந்தது. எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் இடத்திலும் துப்பறியும் கதைக்கே சாதகம். பினாங்கு சாலையில் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே ஒரு மாயத் தொடரைத் தேடிப் பாருங்கள். இரண்டாம் பாகம் இருக்கும், ஐந்தாம் பாகம் இருக்கும், முதல் பாகம் மட்டும் இருக்காது. துப்பறியும் நாவலுக்கு அந்தக் கவலையே இல்லை, கைக்கு வந்ததை எடுக்கலாம். நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒன்று பத்து வெள்ளிக்குள் முடிகிறது. படித்ததைத் திருப்பிக் கொண்டுபோனால், அட்டை கிழியாமல் இருந்தால், "வச்சிட்டு வேற எடுத்துக்கம்மா" என்று பாய் விலையில் கழித்துக்கொள்கிறார்.

மாயக் கதைதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், ஒரே புத்தகமாக முடிவதைத் தேடுங்கள். 1937இல் வந்த 'ஹாபிட்' அப்படிப்பட்டது. புதையலைத் தேடிப் போய் வீடு திரும்புவதோடு கதை முடிந்துவிடும். அதை மகள் இரண்டு தடவை படித்தாள்.

தமிழில் எங்கள் வீட்டில் கைகொடுத்தது என் அப்பா சேர்த்து வைத்திருந்த தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகள். சங்கர்லால் தேநீர்ப் பிரியர். வரி சிறியது, அத்தியாயம் சிறியது. தமிழ்ப்பள்ளியை விட்டு வந்தபின் மகளுக்கு வாசிப்பு வேகம் குறைந்திருந்தது, அதற்கு இது தோதாக இருந்தது. 'பொன்னியின் செல்வ'னில் முதல் பாகத்தை இரவில் நான் வாசிக்க அவள் கேட்கிறாள். ஐந்து பாகம் என்றாலும் எனக்குத் தயக்கமில்லை, ஐந்தையும் நான் முன்பே படித்தவள்.

இவ்வளவும் பதின்மூன்று வயது மகள் ஒருத்தியை வைத்துச் சொல்வது. அவளுக்குப் பதினாறு ஆகும்போது இதே கணக்கு சரிவருமா என்று சொல்ல எனக்கு இன்னும் அனுபவம் போதாது. இப்போதைக்கு, அலமாரியில் வைத்த இரண்டு பாகத்தில் நாலாவதைப் படித்துவிட்டேன், அவளுக்குக் கொடுக்கலாம். ஐந்தாவதில் இன்னும் நூறு பக்கம் இருக்கிறது. முடித்ததும் இரண்டையும் சேர்த்து அவளிடம் கொடுப்பேன்.