முதல் பெரிய பைக்: 650 சிசி இரட்டை சிலிண்டர் வண்டிகளின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கண் முதலில் போவது குதிரைத்திறன் மேல்தான். ஆனால் புதிதாக ஓட்ட வந்தவர் பெரிய வண்டியைக் கீழே போடுவது நெடுஞ்சாலை வேகத்தில் அல்ல. பார்க்கிங்கில் திருப்பும்போது, சரிவில் நிறுத்தும்போது, சிக்னலில் ஒரு கால் ஊன்றத் தவறும்போதுதான் விழுகிறது. அதனால் முதல் பெரிய பைக்கை எடைபோட வேண்டியது மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்குள். அந்த வேகத்தில் பழகிக்கொள்ளும் வண்டி மற்ற வேகங்களிலும் பழகிவிடும்.

இந்த அளவுகோலில் வருடக்கணக்கில் தேறி நிற்பவை 650 முதல் 700 சிசி வரையிலான இரட்டை சிலிண்டர் வண்டிகள்: யமஹா எம்டி-07, கவாசாகி இசட்650, சுசுகி எஸ்வி650, ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650. நான்குக்கும் குணம் வேறு வேறு. ஆனால் புதியவருக்குக் கை கொடுக்கும் இடமும், காலப்போக்கில் தொந்தரவு தரும் இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எடை, உயரம், கீழே விழுவது

எம்டி-07, இசட்650 இரண்டும் பெட்ரோலோடு 190 கிலோவுக்குள் அடங்கும். எஸ்வி650 அதைவிடச் சுமார் 10 கிலோ கூடுதல். இன்டர்செப்டர் 210 கிலோவைத் தாண்டும். 125 சிசி வண்டியில் பயிற்சி எடுத்துவிட்டு வருபவருக்கு இவை எல்லாமே பாரமாகத்தான் தெரியும். ஆனால் தராசில் காட்டும் எண்ணைவிட, அந்த எடை எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். 14 லிட்டர் பெட்ரோல் என்றால் 10 கிலோவுக்குமேல், அதுவும் வண்டியின் உச்சியில். டேங்க் நிரப்பிய கையோடு பங்கிலிருந்து திருப்பும்போது வண்டி திடீரென்று கனப்பதற்குக் காரணம் இதுதான். முதல் ஒரு மாதம் பாதி டேங்கோடு ஓட்டிப் பழகுவது நல்லது.

மெதுவாகத் திருப்பும்போது வண்டி சாய்வதற்கு ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வரும்: ஹேண்டில் பார் திரும்பிய நிலையில் முன் ப்ரேக்கைத் தொடுவது. ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்) அமுங்குகிறது, திரும்பியிருக்கும் சக்கரம் அப்படியே நின்றுவிடுகிறது, வண்டியின் பாரம் மொத்தமும் உள்பக்கம் சரிகிறது. சாய்வு ஓரளவைத் தாண்டிவிட்டால் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பிடிக்க முடியாது. இதற்கு மாற்று: முன் ப்ரேக்கிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள், பின் ப்ரேக்கை லேசாக அழுத்திப் பிடியுங்கள், க்ளட்சைப் பாதியில் வைத்து எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியே வைத்திருங்கள். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். பின் ப்ரேக்கும் எஞ்சினும் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடிக்கும்போது வண்டி கயிறு கட்டியதுபோல் நிமிர்ந்து நிற்கும். இந்த வண்டிகளின் க்ளட்ச் ஆயிலில் மூழ்கி இருப்பதால் பத்து நிமிடப் பயிற்சிக்கெல்லாம் கருகிவிடாது, பயப்பட வேண்டாம்.

சீட் உயரம் எஸ்வி650-இல் 785 மி.மீ., எம்டி-07-இல் 805, இன்டர்செப்டரில் 804. இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் எட்டாது. உயரமாக இருந்தாலும் ஒடுங்கிய சீட்டில் கால் நேராக இறங்கும். ஓட்டும்போது போடப்போகும் பூட்ஸையே போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியும் நன்றாக ஊன்றினால் போதும். அப்படியே லேசான மேட்டில் வண்டியைக் காலால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். கால் எட்டுவதும் தள்ளும் அளவுக்குப் பலம் கிடைப்பதும் வேறு வேறு என்பது அங்கேதான் தெரியும்.

எட்டவில்லை என்றால் முதலில் சீட் ஃபோமைக் குறைத்துப் பாருங்கள். சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றி வண்டியைத் தாழ்த்துவது கடைசி வழியாக இருக்கட்டும். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஸ்டீயரிங் மந்தமாகும், வளைவில் ஃபுட்ரெஸ்ட் சீக்கிரம் தரையைத் தொடும். சைடு ஸ்டாண்டு இருப்பதைவிட நீளமானதுபோல் ஆகி, வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும். பிறகு காற்று தள்ளினாலே மறுபக்கம் விழும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருமுறை கீழே போடுவீர்கள் என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள். வாங்கிய அன்றே க்ராஷ் கார்டு போட்டுவிடுங்கள். இன்னொரு சின்ன வேலையும் உண்டு. ப்ரேக், க்ளட்ச் லீவர்களைத் தாங்கும் கிளாம்ப் போல்ட்டுகளை, அழுத்திக் கையால் தள்ளினால் சுழலும் அளவுக்கு மட்டும் இறுக்கி வையுங்கள். வண்டி விழுந்தால் கிளாம்ப் சுழன்று கொடுக்கும், லீவர் முறியாது.

விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு முதுகை வளைக்கக் கூடாது. முதலில் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குமுன்பே சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, முதல் கியரில் போடுங்கள். முன் சக்கரத்தின் நுனி தரையை நோக்கும்படி ஹேண்டில் பாரை முழுவதும் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்புக்குக் கீழே சீட் படும்படி உட்காருவதுபோல் குந்துங்கள். ஒரு கை தரைப்பக்க ஹேண்டில் பிடியில், மறு கை பின்பக்க கைப்பிடியில் அல்லது ஃப்ரேமில். கைகளை மடக்காமல், கால்களால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். இடப்பக்கம் விழுந்திருந்தால் ஸ்டாண்டு உதவாது, நிமிர்த்திய வேகத்தில் மறுபக்கம் சாய்த்துவிடாமல் கவனம் வேண்டும். நிமிர்த்தியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் கீழே இறங்கச் சில நிமிடம் விட்டு, லீவர்களையும் கியர் பெடல் வளைந்திருக்கிறதா என்பதையும் பார்த்த பிறகு கிளப்புங்கள்.

எஞ்சின்

நான்கு சிலிண்டர் ஹோண்டா சிபி650ஆர் சுமார் 95 குதிரைத்திறன் தரும், ஆனால் அது கிடைப்பது 12,000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை). எம்டி-07 எழுபத்துச் சொச்சம்தான், ஆனால் அதன் உச்ச இழுவை 6,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். இன்டர்செப்டரில் 47 குதிரைத்திறன், அதன் உச்ச இழுவை இன்னும் கீழேயே. கியர் தவறாக இருந்தாலும் மன்னித்துவிடும் எஞ்சின்தான் புதியவருக்கு வேண்டும். வளைவிலிருந்து மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு வெளியே வர முடிந்தால், கியரைப் பற்றிய யோசனை குறைந்து கண் சாலையில் இருக்கும்.

எம்டி-07, இன்டர்செப்டர் இரண்டிலும் கிராங்க் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) 270 டிகிரி அமைப்பு. எஸ்வி650-இன் 90 டிகிரி வி-ட்வினிலும் (வி வடிவில் அமைந்த இரட்டை சிலிண்டர்) இரு சிலிண்டர்களின் வெடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி அதே 270-450 டிகிரிதான், அதனால்தான் சத்தத்தில் ஓர் உறவு தெரியும். இசட்650-இன் கிராங்க் 180 டிகிரி. மேல் ஆர்பிஎம்முக்கு ஆசையாக ஏறும், கீழே கொஞ்சம் சொரசொரப்பு.

முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் திறந்து மூடும்போது வண்டி வெட்டி வெட்டிப் போவதாகப் பலரும் குறை சொல்வார்கள். எஞ்சின் மேல் பழி போடுமுன் இரண்டைப் பாருங்கள். செயின் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்தத் தொய்வு இழுபட்டுத் தூக்கிப்போடும். ஆக்சிலேட்டர் கேபிள் உள்ள வண்டியில் ஃப்ரீ ப்ளே (வேலை செய்யத் தொடங்குமுன் கைப்பிடி சும்மா சுழலும் அளவு) 2-3 மி.மீ.க்கு மேல் போயிருந்தாலும் அப்படியே. இரண்டையும் சரிசெய்தால் பாதிக் குறை காணாமல் போகும். மீதிப் பாதி, நெரிசலில் முதல் கியரை விட்டு இரண்டாவதுக்குப் போனால் தீரும்.

ஏபிஎஸ் (ப்ரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பெரிய வண்டியை முதல் வண்டியாக எடுக்க வேண்டாம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. அதே சமயம், சாதாரண ஏபிஎஸ் நேர்கோட்டில்தான் முழுக்கக் காப்பாற்றும். சாய்வையும் கணக்கில் எடுக்கும் ஏபிஎஸ்ஸுக்குச் சாய்வை அளக்கும் சென்சார் தேவை, அது எல்லா மாடலிலும் இருக்காது.

ஓடி ஓடித் தேய்ந்த பிறகு

முதல் 1,000 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். மேனுவல் சொல்லும் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடக் கூடாது. புது பாகங்கள் ஒன்றோடு ஒன்று உரசிப் பதியும்போது வரும் உலோகத் தூள் எல்லாம் அந்த முதல் ஆயிலிலும் ஃபில்டரிலும்தான் இருக்கும். ஆயில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தரநிலை) எம்ஏ அல்லது எம்ஏ2 தரமாக இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் கலவை சேர்ந்த கார் ஆயிலை ஊற்றினால் க்ளட்ச் ஸ்லிப் ஆகும்: ஆர்பிஎம் ஏறும், வண்டி ஏறாது.

நீண்டகாலத்தில் மிக அதிகமாகக் கெடுக்கப்படுவது செயின். பலர் இறுக்கமாக இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறு. பின் சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும் நொடியில் செயின் உச்ச இறுக்கத்தை அடையும். அதற்கு இடம் விடாமல் இறுக்கியிருந்தால் அந்த அழுத்தம் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கின்மேல் விழும். அதை மாற்ற எஞ்சினைத் திறக்க வேண்டும், தொய்ந்த செயினால் அவ்வளவு செலவு வராது.

அளக்கும் முறை: வண்டி நியூட்ரலில், மேனுவல் சொல்லும் ஸ்டாண்டில். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஸ்கேலை வைத்து விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நான்கைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ.க்குள் வரும், ஆனால் அந்த வண்டியின் ஸ்டிக்கரில் உள்ள எண்தான் இறுதி. ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொளதொளப்பு என்று வித்தியாசம் அதிகமாக இருந்தால் செயின் சீரற்றுத் தேய்ந்துவிட்டது, ஸ்ப்ராக்கெட்டோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான். 500 முதல் 800 கி.மீ.க்கு ஒருமுறை மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போட்டுத் துடைத்து லூப் அடியுங்கள். கம்பி பிரஷ், பெட்ரோல் இரண்டும் செயினுக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கெடுக்கும். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுச் செயின் துடைப்பது விரலை இழக்கும் வழி. சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

டயர் செலவை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. இசட்650, எஸ்வி650 இரண்டுக்கும் பின் டயர் 160/60-17. எம்டி-07-க்கு 180/55-17. அகலமான டயர் பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடினால் பின் டயர் நடுவில் தட்டையாகிவிடும். பிறகு வளைவில் சாய்க்கும்போது அந்த விளிம்பில் ஏறி இறங்கும் உணர்வு வரும். ஆழம் மீதியிருந்தாலும் டயர் முடிந்தது என்று அர்த்தம். காற்றழுத்தம் காலையில், வண்டியை எடுக்குமுன் பார்க்க வேண்டியது. புது டயரில் முதல் 150 கி.மீ. சாய்க்காமல் நிதானமாகப் போங்கள்.

வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் நுண்ணிய இடைவெளி) பார்க்க வேண்டியது யமஹாவில் 40,000 கி.மீ.க்கு, சுசுகியில் 24,000 கி.மீ.க்கு ஒருமுறை. இவற்றில் ஷிம் (அந்த இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்ற, வால்வை இயக்கும் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். இன்டர்செப்டரில் ஸ்க்ரூவும் நட்டும்தான், அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தாலும் கையடக்கமான வேலை. "சத்தமே வரலியே, எதுக்குப் பார்க்கணும்" என்பவர்களுக்கு: சத்தம் போடும் வால்வைவிட ஆபத்தானது சத்தம் போடாத வால்வு. இடைவெளி குறைந்த வால்வு முழுதாக மூடாது, சூட்டை இறக்க வழியில்லாமல் எரிந்துபோகும்.

ப்ரேக் ஃப்ளூயிட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடியிருந்தாலும் நின்றிருந்தாலும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பேட்டரி அடிக்கடி இறங்கினால் புது பேட்டரி வாங்குமுன் மல்டிமீட்டரை வையுங்கள். நின்ற நிலையில் 12.6-12.8 வோல்ட், 5,000 ஆர்பிஎம்மில் 13.5-14.5 வோல்ட் காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினாலோ 13-க்கு ஏறவே இல்லை என்றாலோ குறை சார்ஜிங்கில், பெரும்பாலும் பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரில். புது பேட்டரியும் அதே கதிக்குத்தான் போகும்.

நெடும்பயணத்தில் இந்த வண்டிகளின் பொதுவான குறை காற்று. முகப்பு மூடி இல்லாததால் மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் நெஞ்சில் நேராக அடிக்கும், ஒரு மணி நேரத்தில் கழுத்து இறுகிவிடும். சின்ன ஃப்ளைஸ்க்ரீன் (ஹெட்லைட்டுக்கு மேல் பொருத்தும் காற்றுத்தடுப்பு) நெஞ்சுக்கு உதவும், ஹெல்மெட்டுக்கு உதவாது. ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் இவற்றுக்கான பணத்தை வண்டி விலையிலிருந்து முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள்.

பழைய வண்டி என்றால்

முதல் வண்டி பழையதாக இருப்பதே நல்லது, கீழே போட்டால் மனசு அவ்வளவு வலிக்காது. ஆனால் ஏற்கனவே எத்தனை முறை விழுந்தது என்பதைப் பார்த்துவிடுங்கள்: லீவர் நுனி, ஹேண்டில் பார் முனை, ஃபுட்ரெஸ்ட் நுனி, எஞ்சின் கவர். ஸ்டீயரிங் தலையில் திருப்பத்தைத் தடுக்கும் லாக் ஸ்டாப் வளைந்தோ உடைந்தோ இருந்தால் அது பார்க்கிங்கில் விழுந்த வண்டி அல்ல, வேகத்தில் மோதிய வண்டி. அதை விட்டுவிடுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாக இருபக்கமும் திருப்பும்போது நடுவில் ஒரு குழியில் விழுவதுபோல் தட்டினால் ஸ்டீயரிங் பேரிங் போய்விட்டது. ஃபோர்க் குழாயில் நகத்தை ஓட்டுங்கள், சொரசொரப்பான துருப்புள்ளி தட்டுப்பட்டால் ஆயில் சீல் நிலைக்காது. பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுங்கள், பல்லில் பாதி தெரிந்தால் செயின் செட்டின் விலையைக் குறைத்துப் பேசுங்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

பார்க்கப் போகுமுன் எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சின் பக்கத்தில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சத்தத்தையும் புகையையும் மறைக்கச் சூடேற்றி வைத்திருக்கலாம். அது முழுதாக ஆறும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.