குளமா, கிணறா, காவிரியா? பத்து கிலோமீட்டர் நீச்சலுக்குச் சேலத்துக்காரர் எங்கே பழகுவது

சேலத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் நீச்சலுக்குத் தயாராகிறோம் என்றால் யாருக்கும் சிரிப்புதான் வரும். கிட்டத்துக் கடலுக்கே 200 கிலோமீட்டர் போக வேண்டும். ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-இல், 12 வயதில், பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தாரே என்று எடுத்துச் சொன்னால், "அவர் வளர்ந்தது மெட்ராஸ்ல" என்று பதில் வரும். நியாயமான பதில்தான். இருந்தாலும் நானும் என் கூட்டாளியும் பத்து கிலோமீட்டர் கடல் நீச்சலுக்கு இறங்குவது என்று முடிவு பண்ணிவிட்டோம். பக்கத்தில் கிடைக்கிற தண்ணீரில் எல்லாம் பழகிப் பார்த்துவிட்டு, இப்போது காவிரிக்கரைப் பூலாம்பட்டியில் வந்து நிற்கிறோம். ஏன் பூலாம்பட்டி என்பதற்குத்தான் இந்த அலசல்.

முதலில் கழித்துக் கட்ட வேண்டியவை. ஏற்காடு ஏரி படகு விடுவதற்கு; நீந்துவதற்கு இல்லை. மலையில் ஓடி மூச்சைப் பழக்கலாம், அவ்வளவுதான். மூக்கனேரியில் பறவை பார்க்கலாம். மேட்டூரிலிருந்து பிரிகிற பாசனக் கால்வாய்கள் பார்க்க ஆசையாக இருக்கும். ஓட்டம் வேகம், கரை சரிவு, ஏறப் பிடி கிடைக்காது. அந்தப் பேச்சே வேண்டாம்.

மிச்சம் இருப்பது நான்கு: நகரத்து நீச்சல் குளம், தோட்டத்துக் கிணறு, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடிப் பக்கம், பூலாம்பட்டிக் கதவணைத் தண்ணீர்.

நீச்சல் குளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கை எங்கே நுழைகிறது, இடுப்பு அமிழ்கிறதா, மூச்சு எந்தப் பக்கம் திணறுகிறது என்பதையெல்லாம் கோச் ஒருவர் கரையில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால் குளத்தை விட்டால் வேறு இடம் இல்லை. வார நாட்களில் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் கிடைக்கிறதும் அங்கேதான். ஆனால் 25 மீட்டர்க் குளத்தில் 5 கிலோமீட்டர் என்பது 200 நீளம். அதாவது 199 தடவை சுவரை உதைக்கிறோம். ஒவ்வொரு உதைக்கும் மூன்று மீட்டர் சும்மா வழுக்கிப் போகிறோம் என்று வைத்தால்கூட, கிட்டத்தட்ட 600 மீட்டர் கை போடாமலே வந்த தூரம். ஆற்றில் அந்த 600 மீட்டரையும் தோள்தான் சுமக்க வேண்டும். குளத்தில் 5 கிலோமீட்டர் போட்டவர் ஆற்றில் நாலிலேயே முனகுவது இதனால்தான்.

கிணறு நம் ஊர்ப் பள்ளிக்கூடம். சுரைப்புருடையையோ காலி எண்ணெய்க் கேனையோ முதுகில் கட்டி மாமாவோ சித்தப்பாவோ தூக்கிப் போட்டதில் பழகியவர்கள்தான் இந்தப் பக்கத்தில் பாதிப் பேர். அங்கே கிடைக்கிற தைரியத்தைக் குளம் தராது. காலுக்குக் கீழே அறுபது அடி இருட்டு இருக்கிறது என்று தெரிந்தும் பதறாமல் மல்லாந்து மிதக்கக் கிணறு கற்றுக்கொடுக்கிறது. நெடுந்தூர நீச்சலில் பாதி பலம் அந்தப் பதறாமையில்தான். இடுப்பில் சைக்கிள் டியூப்பைக் கட்டி மறுமுனையைப் படிக்கல்லில் மாட்டி, நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் கை போடலாம். தோளுக்கு நல்ல வேலை. ஆனால் நாம் பழக வேண்டிய மாசியிலும் பங்குனியிலும்தான் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விடுகிறது. எட்டுக் கை போட்டால் எதிர்ச்சுவர். நெடுந்தூரத்துக்கு அது தாங்காது.

பண்ணவாடி வேறு ரகம். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அத்தனை தண்ணீர் விரிந்து கிடக்கிற இடத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் காற்று எழுந்தால் அலை அடிக்கிறது. வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. சேலம் மாவட்டத்துக்குள் கடலை ஒட்டி வருகிற தண்ணீர் எது என்று கேட்டால் பண்ணவாடியைத்தான் சொல்வேன். சிக்கல் என்னவென்றால், அது ஊர்களை மூழ்கடித்து நிற்கிற தண்ணீர். மட்டம் இறங்க இறங்கப் பழைய கோயிலின் நந்தியும் சர்ச் கோபுரமும் தலைகாட்டும். வெளியே தெரிவதைச் சுற்றிப் போய்விடலாம். ஒரு முழம் தண்ணீருக்குக் கீழே நிற்கிற இடிந்த சுவரையும் முள் மரத்தையும் யார் பார்ப்பது? போதாததற்கு வலைகள். கரையும் வாரத்துக்கு வாரம் உள்வாங்கும். போன வாரம் இறங்கிய இடத்தில் இந்த வாரம் முழங்கால் வரை சேறு. கடலுக்குப் போவதற்கு முந்தைய மாதம் அலைக்காக மட்டும் போய்வரலாம் என்பது எங்கள் கணக்கு.

பூலாம்பட்டிக்கு வருவோம். எடப்பாடி தாண்டிக் காவிரிக்கரை. எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். நடுவே மின்சாரத்துக்காகக் கதவணை கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் மேட்டூரில் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் இங்கே கரை பெரும்பாலும் கரையாகவே இருக்கும். இரண்டு கரைக்கும் நடுவே விசைப்படகு ஓடுகிறது. கரையோரமாக மேல்நோக்கி நேராகப் போய்த் திரும்ப இடம் தாராளம். குட்டிக் கேரளா என்று சொல்லிக் கும்பல் வருவது ஞாயிறு வெயில் ஏறிய பிறகுதான். விடியற்காலையில் மீன்காரர்களும் நாங்களும்தான்.

ஆனால் தண்ணீர் அழகாக இருக்கிறது என்பதற்காக நான் பூலாம்பட்டிப் பக்கம் சாயவில்லை. பரிசலுக்காகச் சாய்கிறேன்.

இரண்டு பேர் சேர்ந்து பழகுவது என்றால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நீந்துவது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 100 மீட்டரை 2 நிமிடத்தில் போகிறார், இன்னொருவர் 2 நிமிடம் 15 விநாடியில். பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து முன்னவர் 3,000 மீட்டரில், பின்னவர் 2,667 மீட்டரில். நடுவே 333 மீட்டர். அந்தத் தூரத்தில் ஒரு மனிதத் தலையும் மிதக்கிற தேங்காயும் ஒன்றுதான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒருவர் கத்தினால் மற்றவருக்குக் கேட்காது, காது தண்ணீருக்குள் இருக்கிறது. இருவரும் ஒன்றாக இறங்குவது துணை போலத் தெரிகிறதே தவிர, உண்மையில் இரண்டு தனி ஆட்கள் இரண்டு தனி இடங்களில். குளத்தில் இது வெளியே தெரியாது. பக்கத்து லேனில் ஆள் இருக்கிறார், களைத்தால் சுவர் இருக்கிறது, காவலுக்கு ஆள் நிற்கிறார்.

அதனால் நாங்கள் மாற்றி மாற்றி இறங்குகிறோம். ஒருவர் தண்ணீரில், மற்றவர் பரிசல்காரரோடு பரிசலில். நேரம் இரட்டிப்பாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடலில் நடக்கப்போவதும் இதேதான்: நீந்துகிறவர் ஒருவர், படகில் அவரைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர். படகைத் தொட்டால் அந்த நீச்சல் கணக்கில் வராது என்பது ஆங்கிலக் கால்வாய் நீச்சலின் பழைய விதி. தொடாமல், நிற்காமல், படகோடு ஒட்டிப் போவது தனிப் பழக்கம். அதைக் குளத்தில் கற்க வழியே இல்லை.

பரிசலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஓய்வு என்று நினைத்தால் தப்பு. நீந்துகிறவர் எந்தப் பக்கம் மூச்செடுக்கிறாரோ அந்தப் பக்கமே பரிசல் வர வேண்டும். அப்போதுதான் தலையைத் தூக்காமல் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு நேராகப் போக முடியும். பரிசலோ வட்டம், காற்று தட்டினால் சுழலும். துடுப்புப் போடுகிறவர் அதைச் சமாளிக்க, நாம் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை கை விழுகிறது என்று எண்ண வேண்டும். என் கூட்டாளிக்குத் தெளிவாக இருக்கும்போது நிமிடத்துக்கு அறுபது. ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டால் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன். "டேய் மாப்ள, உங்க பெரியப்பா பையன் கல்யாணம் என்னைக்குடா?" தேதி சரியாக வந்தால் தொடரலாம். பதில் குழறினால் அன்றைக்கு நீச்சல் முடிந்தது. விவாதம் கிடையாது. முடிவு பரிசலில் இருப்பவருடையது என்று கரையிலேயே பேசி வைத்துக்கொள்வது முக்கியம். தண்ணீரில் இருப்பவர் எப்போதும் "இன்னும் ஒரு சுத்து" என்றுதான் சொல்வார்.

சாப்பாடும் பரிசலில்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீந்தினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது எல்லா நெடுந்தூர விளையாட்டுக்கும் பொதுவான கணக்கு. கடையில் விற்கும் ஜெல்லும் பொடியும் வாங்கலாம். நாங்கள் ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு அதற்கு ஏன் காசு கொடுப்பது என்று, ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்து வடிகட்டி, வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து பாட்டிலில் கட்டிக்கொள்கிறோம். ஆறினால் இறுகும், நன்றாக நீர்க்கக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் வாயை அடைத்துக்கொள்ளும். பாட்டில் கழுத்தில் கயிறு கட்டி, நீந்துகிறவருக்கு முன்னால் எறிவது முறை. அவர் மல்லாந்து மிதந்தபடி குடித்துவிட்டுப் பாட்டிலை விட்டுவிடுவார். நாம் இழுத்துக்கொள்ள வேண்டும். பரிசல் சுழன்றால் கயிறு துடுப்பில் சுற்றிக்கொள்ளும். இந்தக் கூத்தெல்லாம் ஆற்றில் நடந்து தீர்ந்துவிட்டால் கடலில் அரைநிமிடத்தில் வேலை முடியும்.

பரிசல்காரருக்கு என்ன கொடுப்பது? அவருடைய ஒரு காலை மீன்பாடு எவ்வளவோ அதற்குக் குறையாமல். பேரம் பேசாதீர்கள். "தம்பி, அந்தப் பக்கம் போவாதீங்க, நேத்து வல உட்டிருக்குது" என்று அவர் சொல்கிற ஒரு வாக்கியத்துக்கே அந்தக் கூலி தகும். களைத்தவரைப் பரிசலுக்குள் இழுத்துப் போட முயலக் கூடாது, கவிழும். லாரி டியூப் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்து, அதைப் பிடிக்கச் சொல்லிக் கரைக்கு இழுப்பதுதான் வழி. நீந்துகிறவர் இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை கட்டாயம். விசைப்படகு ஓட்டுகிறவருக்குத் தூரத்திலிருந்து தெரிகிற ஒரே அடையாளம் அதுதான். கதவணைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே வேண்டாம். மேல்நோக்கித் தொடங்குங்கள், போகும்போது இருக்கிற தெம்பு திரும்பும்போது இருக்காது. தடைப் பலகை வைத்த இடத்தில் இறங்காதீர்கள்.

பூலாம்பட்டிக்கும் குறை உண்டு. டெல்டாவுக்கு மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. மழையைப் பொறுத்து முன்பின்னாகும். திறந்திருக்கும் மாதங்களில் ஆற்றுக்கு இழுப்பு உண்டு. வெள்ளம் வந்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். ஆக நமக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் ஜூன் தொடக்கம் வரைதான். அதற்குள்ளும் கதவணைப் பராமரிப்புக்காகத் தண்ணீரை வடித்துவிட்டால் ஆற்றில் பாறைதான் நிற்கும். சித்திரையில் தேங்கின தண்ணீர் சூடேறும். நீர் 31 டிகிரியைத் தாண்டினால் திறந்த நீரில் போட்டி நடத்தக் கூடாது என்பது உலக நீச்சல் கூட்டமைப்பின் விதி. ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டிப் பரிசலில் போட்டுவைப்பது நல்லது. விடிகிற நேரத்தில் இறங்கி எட்டரைக்குள் ஏறிவிடுகிறோம்.

உப்புத் தண்ணீரைப் பற்றி நான் சொல்வதை மட்டும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் நான் நீந்தியது கொஞ்சம்தான். உடம்பு கூடுதலாக மிதக்கும், கழுத்தும் அக்குளும் உரசிப் புண்ணாகும், வாஸ்லின் அப்பாமல் இறங்க முடியாது என்பதுவரை அனுபவத்தில் சொல்வேன். சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீன், ஏற்றவற்றம், இரவு நீச்சல் எல்லாம் இராமேஸ்வரம் பக்கத்து ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. 1966-இல் மிகிர் சென் என்ற நீச்சல் வீரருக்கு இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்த 25 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த மாதிரித் தூரத்துக்கு ஆற்றுப் பழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை. ஐந்துக்கும் பத்துக்கும் கைகொடுக்கும்.

வாரா வாரம் பூலாம்பட்டி வர முடியாதவர்கள் குளத்திலேயே ஒன்று செய்யலாம். ஓரத்து லேனில் ஒருவர் சுவரைத் தொடாமல், அதற்கு முன்பே திரும்பித் திரும்பி நீந்தட்டும். மற்றவர் கரையோடு நடந்து கை எண்ணட்டும், கயிற்றுப் பாட்டிலை எறியட்டும். காவலாளி ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. ஆற்றுக்கு வருகிறவர்கள் பரிசல்காரரிடம் தை மாதத்திலேயே பேசி வைத்துவிடுங்கள். ஆடி பிறந்தபின் போனால் அவரே, "அடுத்த வருசம் வாங்க தம்பி" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.