ஜூமில் மருத்துவம் படித்தது: சில ஆண்டு அனுபவம்

2020 மார்ச் 18, கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். அப்போது நான் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவி. வார்டுக்குள் கால் வைத்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. பிறையில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பி, தங்கையோடு ஒரே மேசையைப் பங்குபோட்டுப் படித்தேன். படிப்பு முடித்து மருத்துவமனையில் செய்யும் ஹவுஸ்மேன் பயிற்சியில், நான்கு மாதத்துக்கு ஒரு பிரிவு மாறியபோதும், ஆன்லைன் வகுப்பு கூடவே வந்தது. இப்போது மெடிக்கல் ஆபீசர், இன்னும் விடவில்லை.

இசிஜி படிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வார்டில் பத்துப் பேர் ஒரு தாளைச் சுற்றி நின்றால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றுமே தெரியாது. திரையில் ஒவ்வொரு கட்டமும் கண்முன் நிற்கும். ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி, இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள பெரிய கட்டங்களால் 300-ஐ வகுத்தால் நிமிடத் துடிப்பு. பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் இது எனக்குப் பழகியது. இரவுப் பணி முடித்துத் தூங்கி எழுந்த பிறகும் விட்ட பாடத்தைப் பிடித்துவிடலாம்.

டேட்டாதான் பெரும் பாடு. அந்த ஏப்ரலில் தினமும் கிடைத்த இலவச 1 ஜிபி காலை 8 முதல் மாலை 6 வரைதான். எங்கள் டாக்டர்கள் வார்டு வேலை முடித்து வகுப்பெடுக்க வந்ததோ இரவு எட்டு மணிக்கு. தோட்டப்புறத்தில் வீட்டிலிருந்து படித்த தோழி கேமராவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்பாள். அவளைப் போன்றவர்களை 'அக்கறை இல்லாதவர்கள்' என்று ஒருவர் கடிந்துகொண்டது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இதய ஒலிக்கு வந்தால்தான் திரை கைவிடுகிறது. மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கு எழும் மர்மர், அதாவது இதயத்தில் துடிப்புகளுக்கு நடுவே கேட்கும் இரைச்சல், மிகத் தாழ்ந்த ஒலி. லேப்டாப் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. போதாததற்கு, பின்னணி இரைச்சலைக் குறைக்கும் ஜூம் வசதி அதையும் இரைச்சல் என்று அமுக்கிவிடும். 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போட்டு, நல்ல ஹெட்போனில் கேட்டால் ஓரளவு தேறும். இதை நாங்கள் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஹவுஸ்மேனாக முதல் மாதம், ஓர் அம்மாவை இடப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தாழ்ந்த ஒலி கேட்பதற்கான கிண்ணம் போன்ற பக்கம்தான் பெல். மூத்த டாக்டர் என் கையை இரண்டு விரல் அளவு நகர்த்தி, "பெல்லை அழுத்தாதம்மா, சும்மா தொட்டா போதும்" என்றார். அம்மா மூச்சை வெளியே விட்டு நிறுத்தினார். தூரத்தில் எதையோ உருட்டுவதுபோல் கேட்டது. ஸ்லைடில் எத்தனையோ முறை படித்தது இதுதானா என்று அப்போதுதான் புரிந்தது.

நோயாளியின் பேச்சும் அப்படியே. ஜூமில் நோயாளியாக நடிக்கும் தோழி, "நெஞ்சு வலி, இடது கைக்குப் பரவுது" என்று பாடத்தில் உள்ளபடியே சொல்வாள். வார்டுக்கு வந்த தாத்தா, "வாய்வு பிடிச்சிருக்கு, பெரிசா ஒண்ணுமில்லம்மா" என்றார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஹார்ட் அட்டாக்.

என்னோடு படித்தவர்களில் பலர் தியரி ஆன்லைனிலேயே இருக்கட்டும் என்கிறார்கள்; நானும் அந்தக் கட்சிதான். சனிக்கிழமைகளில் ஜூனியர்களுக்கு இசிஜி வகுப்பு எடுக்கிறேன், இலவச ஜூம் தரும் 40 நிமிடத்துக்குள். மர்மர் கேட்க வேண்டும் என்பவர்களை மட்டும் வார்டுக்கு வரச் சொல்கிறேன். நோயாளியிடம் அனுமதி நானே கேட்டு வைக்கிறேன்.