ஹெப்-ஜி2வா, ஹூ-7ஆ? நாக்அவுட் செய்ய எது தோது

பாலக்காடு, கோவைப் பக்கத்து லேப்களில் கல்லீரல் புற்றுசெல்லில் ஜீனை நீக்கப் (நாக்அவுட்) பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஹெப்-ஜி2 என்ற செல் வகையில்தான் கைவைக்கிறார்கள். எங்கும் கிடைப்பது அதுதான். எங்கள் ஓட்டு இன்னொரு செல் வகையான ஹூ-7க்கு.

இரண்டிலும் மருந்தைச் சிதைக்கும் சிப் (CYP) என்சைம்கள் குறைவு. மருந்துச் சிதைவைப் பார்ப்பதானால் இரண்டுமே உதவாது. ஹெப்-ஜி2 15 வயதுப் பையனின் கட்டியிலிருந்து வந்தது, பின்னாளில் ஹெபடோபிளாஸ்டோமா (பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் கட்டி) என்று மாற்றி வகைப்படுத்தினார்கள். ஹூ-7 57 வயது ஜப்பானியருடையது.

தீர்மானிப்பது தனிச்செல் குளோன், அதாவது ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம். 96 வெல் (சிறு குழி) கொண்ட பிளேட்டில் வெல்லுக்கு 0.5 செல் போட்டால், கணக்குப்படி 100 வெல்லில் சுமார் 39-இல் செல் விழும்; அதில் 30 தனிச்செல், மீதி 9 கலப்பு. செல்கள் உதிரியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஹெப்-ஜி2 கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மூன்று நான்கு செல் சேர்ந்து விழுந்த வெல்லைக் குளோன் என்று எடுத்து வளர்த்தால், சில பாசேஜ் (செல்லைப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்று) கழித்து, புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் வெஸ்டர்ன் சோதனையில் பழைய புரதப் பட்டை தலைகாட்டும்: வெட்டுப்படாத செல் முந்திவிட்டது. ஹூ-7 பாய் விரித்த மாதிரி வளரும், ஒட்டிய செல்லைப் பிரிக்கும் டிரிப்சினில் எளிதில் பிரியும்.

அடுத்தது பி53, டிஎன்ஏ சேதப்பட்டால் செல் பெருகாமல் தடுக்கும் புரதம். ஹெப்-ஜி2வில் அது நல்ல நிலையில் உள்ளது. ஜீனை நீக்கப் பயன்படும் காஸ்9 என்சைம் டிஎன்ஏவை வெட்டினால் அது விழித்துக்கொண்டு செல்லை நிறுத்தும். தப்பிப் பெருகுவதில் பி53 கெட்ட செல்கள் கூடலாம். ஹூ-7இல் ஏற்கெனவே பி53ஐக் கெடுக்கும் ஒய்220சி மாற்றம் இருப்பதால் இந்தத் தொந்தரவு குறைவு. அதே காரணத்தால் பி53 ஆய்வு என்றால் இந்த இரண்டில் ஹெப்-ஜி2தான். என்கோட் என்ற பொது மரபணுத் தரவுத் திட்டத்தின் தரவும் ஹெப்-ஜி2வுக்குத்தான் குவிந்து கிடக்கிறது.

குரோமோசோம் விஷயத்தில் இரண்டும் மோசம். ஹெப்-ஜி2வில் 20ஆம் குரோமோசோம் இரண்டுக்கு மேல் உண்டு. கல்லீரல் செல்லுக்கு முக்கியமான எச்என்எஃப்4ஏ ஜீன் அதில்தான் இருக்கிறது. மூன்று பிரதி இருந்து மூன்றும் வெட்டுப்பட்டாலும், ஒரு பிரதியில் மூன்றின் மடங்கில் டிஎன்ஏ எழுத்து போனால் அதைப் புரதமாகப் படிக்கும் சட்டகம் குலையாது. மூன்றும் குலைய வாய்ப்பு தோராயமாக 30 சதம், இரண்டே பிரதி என்றால் 44. ஆகவே டிஎன்ஏ எழுத்தைப் படிக்கும் சாங்கர் மட்டும் போதாது, வெஸ்டர்னும் வேண்டும். ஒரே ஜீனுக்கு இரண்டு கைடு (காஸ்9ஐ வெட்டும் இடத்துக்கு அழைத்துப்போகும் ஆர்என்ஏ) வைத்து, இரண்டிலும் ஒரே விளைவு வருகிறதா என்று பாருங்கள்.

ஹெப்3பி என்ற மூன்றாவது வகையில் பி53 அறவே இல்லை, ஹெபடைடிஸ் பி வைரஸின் டிஎன்ஏ நுழைந்திருக்கிறது. அதில் எங்கள் கை அவ்வளவாகப் பழகவில்லை.

ஹெப்-ஜி2தான் வேண்டும் என்றால்: டிரிப்சினுக்குப் பின் 40 மைக்ரான் வடிகட்டியில் இரண்டு முறை விடுங்கள், மைக்ரோஸ்கோப்பில் உதிரியா என்று பாருங்கள், பிறகே எண்ணுங்கள். மீடியத்தில் 20 சதம் சீரம்; மொத்த மீடியத்தில் பாதி அதே செல் வளர்ந்த பழைய மீடியம், 0.22 மைக்ரானில் வடித்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறண்டு வீசும் மாதங்களில் ஓர வெல்கள் சீக்கிரம் வற்றும். அவற்றில் செல் போடாமல் பிபிஎஸ் (உப்புக் கரைசல்) நிரப்புங்கள். முதல் வாரம் பிளேட்டை வெளியே எடுக்கவே வேண்டாம்.