நாலு வருஷமா கிரிட் போட்டே போட்டோ எடுத்ததுல எனக்குப் புரிஞ்சது

போன் கேமரா செட்டிங்ஸ்ல கிரிட்னு ஒண்ணு இருக்கும்ல, அத ஆன் பண்ணி நாலு வருஷம் ஆச்சு, இன்னும் ஆஃப் பண்ணல. குறுக்க ரெண்டு கோடு, நெடுக்க ரெண்டு கோடு, மொத்தம் ஒம்பது கட்டம். ஆள நடுவுல நிறுத்தாம கோடுங்க வெட்டிக்கிற நாலு புள்ளில ஒண்ணுல வச்சா அதான் ரூல் ஆஃப் தேர்ட்ஸ். கேமரா வர்றதுக்கு முன்னாடியே, 1797-லயே ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒரு ஓவியர் இந்தப் பேரோட எழுதி வச்சுட்டார்.

மொத ஆறு மாசம் எல்லாரையும் ஓரத்துக்குத் தள்ளிட்டே இருந்தேன். வலது பக்கம் பாக்குற ஆள வலது ஓரத்துலயே வச்சா செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும், பாக்குற பக்கம்தான் காலி இடம் விடணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. குரூப் போட்டோல இன்னொண்ணு, போன் லென்ஸ் வைடுங்கறதால ரொம்ப ஓரத்துல நிக்கறவங்க மூஞ்சி இழுத்த மாதிரி ஆயிடும், அவங்கள கொஞ்சம் உள்ள வரச் சொல்லிடுங்க.

ஆனா என் போட்டோவ நெஜமா மாத்துனது கிரிட் இல்ல, ஓரத்தப் பாக்குற பழக்கம்தான். பாட்டி ஜன்னல் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தாங்க, புள்ளியில கரெக்டா வச்சுத்தான் எடுத்தேன், பெருசு பண்ணிப் பாத்தா பின்னாடி இருந்த ஸ்டாண்டோட கம்பி அவங்க தலைல இருந்து மொளச்ச மாதிரி நிக்குது, கீழ் மூலைல பாதி பிளாஸ்டிக் வாளி வேற. ஒரே ஒரு அடி இடது பக்கம் நகந்து கொஞ்சம் குனிஞ்சேன், கம்பியும் போச்சு வாளியும் போச்சு, ஜன்னல் வெளிச்சம் கன்னத்துச் சுருக்கத்துல பக்கவாட்டுல விழறது அப்பதான் தெரிஞ்சுது. எங்கிட்ட இருக்கறதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச போட்டோ அதுதான். அதுலருந்து பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி கண்ணு நாலு மூலையையும் ஒரு சுத்து சுத்திட்டு வந்துரும், ரெண்டு செகண்டு கூட ஆகாது.

பின்னாடி கிராப் பண்ணிக்கலாம்னு விட்டுறாதீங்க. 12 மெகாபிக்சல் படத்த நீளத்துலயும் அகலத்துலயும் பாதியா வெட்டுனா மிஞ்சறது 3தான், அதோட தலைல மொளச்ச கம்பிய கிராப்ல எடுக்கவும் முடியாது, கால்தான் நகரணும். கொழந்தைங்கள எடுக்கும்போது தரைல உக்காந்துருங்க. கை காலு ஃபிரேம்ல கட் ஆகணும்னா மணிக்கட்டு, முட்டி இதுல கட் ஆகாம பாத்துக்கோங்க.

கிரிட்டால இப்ப எனக்கு நெஜமான உபயோகம்னா கடல், ஏரின்னு எடுக்கும்போது தண்ணி முடியற கோடு சாயாம இருக்கறதுதான். அதுல ஒரு கொறையும் இருக்கு. தண்ணில பிம்பம், நீள வராண்டா, இந்த மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கற எடத்துல நான் நடுவுலதான் வைப்பேன், அதுக்கு நடுக்கோடு வேணும், என் போன்ல அது இல்ல. நடுக் கட்டத்தோட ரெண்டு பக்கமும் இருக்கற கேப்ப கண்ணால அளந்துதான் இன்னும் எடுத்துட்டு இருக்கேன்.