நோவாவின் எல் நினோ மாத அறிக்கை: எதற்கு நம்பலாம், எதற்குக் கூடாது

நிலநடுக்கோட்டுப் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா இதைப் பற்றி வெளியிடும் எல் நினோ அறிக்கைக்குக் கட்டணம் இல்லை, கணக்கும் தொடங்க வேண்டாம். மாதத்தின் இரண்டாவது வியாழன் இந்திய நேரம் மாலை 6.30க்கு வரும், அங்கே குளிர்காலம் என்றால் 7.30. பசிபிக் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய அருமையான சேவை. ஆனால் 'லா நினாவாம், ஐப்பசி மழை போச்சு' என்று முடிவுகட்ட நினைப்பவருக்கு இது உதவாது. 2016, 2021 இரண்டுமே லா நினா ஆண்டுகள்தான். முன்னதில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது; பின்னதில் இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலாகக் கொட்டியது.

முதலில் தலைப்பைப் பாருங்கள். 'வாட்ச்' என்றால் எல் நினோவோ லா நினாவோ அடுத்த ஆறு மாதத்துக்குள் உருவாக வாய்ப்பு உண்டு என்று பொருள். 'அட்வைசரி' என்றால் வந்தேவிட்டது, நீடிக்கும். நம் செய்திகளில் இரண்டும் ஒன்றாகிவிடும். அளவெடுக்கும் இடம் நினோ 3.4 என்ற நடுப் பசிபிக் பகுதி: நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 டிகிரி, மேற்குத் தீர்க்கரேகை 120 முதல் 170 வரை. அங்கே கடல்மேற்பரப்பு இயல்பைவிட 0.5 டிகிரி செல்சியஸ் சூடானால் நோவாவுக்கு எல் நினோ வாசல். ஆஸ்திரேலிய வானிலை அலுவலகத்துக்கு அது 0.8. ஒரே வாரத்தில் இருவரும் வெவ்வேறாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையான சரக்கு நோவா திங்கட்கிழமைதோறும் வெளியிடும் பிடிஎஃப் கோப்பில்தான். அதில் 300 மீட்டர் ஆழம் வரையிலான வெப்பத்தைக் காட்டும் படத்தையும் காற்றுப் படத்தையும் சேர்த்தே பாருங்கள். 2014 மார்ச்சில் 'வாட்ச்' வந்தது. ஆழத்தில் பெரிய வெப்ப அலை கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஆனால் கிழக்கிலிருந்து மேற்கே வீசும் வணிகக் காற்று தளரவில்லை, ஒத்துழைக்கவில்லை. எல் நினோ பிறந்ததாக அறிவிக்க 2015 மார்ச் ஆனது. பொதுவாகவே பங்குனி, சித்திரையில் வரும் கணிப்புகள் பலவீனமானவை. ஆடிக்குப் பிறகு வருவதற்குத்தான் எடை அதிகம்.

பெரிய குறை, ஒற்றை அளவுகோல். 2017 தொடக்கத்தில் தென் அமெரிக்க நாடான பெருவின் கரையோரக் கடல் கொதித்தது, வெள்ளம் ஊர்களை அடித்துச் சென்றது. நினோ 3.4 நடுநிலையில் இருந்ததால் அறிக்கையில் எல் நினோ இல்லை! பெருவின் நெத்திலி மீன்வளத்தைக் கவனிப்பவர், அந்தக் கரையோரக் கடலின் வெப்பத்தைச் சொல்லும் நினோ 1+2 எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அங்கே மேல்நீர் சூடானால், ஆழத்திலிருந்து சத்து சுமந்து மேலெழும் குளிர்நீர் தடைபடும், மிதவையுயிரிகள் குறையும், நெத்திலி கரையோரம் ஒதுங்கும், இல்லையேல் ஆழத்துக்குப் போகும். 2023இல் வலையில் குஞ்சுமீன்களே அதிகம் விழ, வட-மத்தியக் கரையின் முதல் பருவத்தையே பெரு ரத்து செய்தது.

பவளப்பாறைக்கு இந்த அறிக்கை போதாது. நோவாவின் பவளப்பாறைக் கண்காணிப்பு வரைபடத்தைத் திறவுங்கள், 5 கிலோமீட்டர் கட்டங்களில் தினமும் புதுப்பிக்கப்படுகிறது. தேங்கிய வெப்பம் 4 டிகிரி-வாரத்தை (எத்தனை டிகிரி கூடுதல், எத்தனை வாரம் என்பதைச் சேர்த்த கணக்கு) தொட்டால் பவளம் நிறமிழக்கும் வெளிறல், 8ஐத் தாண்டினால் சாவு.

பிடிஎஃப் கோப்பில் உள்ள மழை, வெப்ப வரைபடங்கள் அமெரிக்காவுக்கானவை, அவற்றைப் புரட்டிவிடலாம். இந்தியப் பெருங்கடலின் இருமுனை அலைவுக்கும், அதாவது அதன் மேற்கு, கிழக்குப் பகுதிகளின் வெப்பம் மாறி மாறி ஏறி இறங்குவதற்கும், இதில் இடமில்லை. 1997இல் அத்தனை வலுவான எல் நினோ இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை இயல்பை ஒட்டியே பெய்ததற்கு அந்த அலைவே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதற்கு ஆஸ்திரேலியர்களின் பக்கத்தைத்தான் தனியே திறக்க வேண்டும்.